டெஃப்லானின் சோப்புக் கணக்கு

ஒட்டாத தோசைக்கல்லைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் பயங்களில் பாதி, தவறான இடத்தைப் பார்த்துப் படும் பயம். பூச்சாக இருக்கும் பி.டி.எஃப்.இ, அதாவது டெஃப்லான், ஒரு சோம்பேறிப் பொருள். துணுக்கு ஒன்று வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். வெறுங்கல்லை அடுப்பில் மறந்துவைத்து அளவுக்கு மீறிக் காயவிடாதவரை அது யாரோடும் வம்புக்குப் போவதில்லை. வம்பெல்லாம் அது பிறக்கும் வழியில்தான் இருக்கிறது. தோலைத் துளைத்து எலும்பு வரை போகும் ஒரு அமிலம், காற்றே இல்லாமல் வெடிக்கும் ஒரு வாயு, நூற்றாண்டுகள் அழியாத ஒரு சோப்பு ஆகிய மூன்றையும் தாண்டித்தான் அது தோசைக்கல்லுக்கு வருகிறது. இவற்றில் அமிலத்தையும் வாயுவையும் பழக்கிவிட்டார்கள். தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் போடும் சோப்புதான் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தண்ணி காட்டியது.

முதலில் ஒரு எடைக் கணக்கு. எதுவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால், 1 டன் பி.டி.எஃப்.இ-க்கு 1.56 டன் ஃபுளோர்ஸ்பார் கனிமமும் 1.96 டன் கந்தக அமிலமும் 2.39 டன் குளோரோஃபார்மும் வேண்டும். கந்தக அமிலம் கனிமத்தைப் பிளந்து 0.8 டன் ஹைட்ரஜன் ஃபுளோரைடு தரும். ஆலைகளில் அதை எச்எஃப் என்பார்கள். அது குளோரோஃபார்மோடு சேர்ந்தால் 1.73 டன் ஆர்-22. ஏசி மெக்கானிக்குகள் சிலிண்டரில் தூக்கிக்கொண்டு அலைந்தார்களே, அதே வாயு. ஆர்-22-ஐக் கடும் சூட்டில் உடைத்தால் 1 டன் டெட்ராஃபுளோரோஎத்திலீன், சுருக்கமாக டி.எஃப்.இ. இந்த மோனோமரை, அதாவது ஒற்றைக் கண்ணியை, நீளச் சங்கிலியாகக் கோத்தால் பாலிமர். வழியில் 2.72 டன் கால்சியம் சல்ஃபேட்டும் 2.19 டன் ஹைட்ரஜன் குளோரைடும் கழியும். ஒரு டன் சரக்குக்கு ஏறத்தாழ ஐந்து டன் பக்கவிளைவு. ஹைட்ரஜன் குளோரைடை விற்கவோ வேறு வினைக்குத் திருப்பவோ வழியில்லாத ஆலைக்கு இந்தத் தொழில் கட்டுப்படியாகாது.

எச்எஃப் 19.5 டிகிரியில் கொதிக்கும். நம் ஊர் வெயிலில் மூடி திறந்தாலே புகை. தோலில் பட்டால் மற்ற அமிலங்களைப் போல உடனே எரிந்து எச்சரிக்காது. நீர்த்த கரைசல் என்றால் வலி வரவே சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சாவு வருவது புண்ணால் அல்ல, கால்சியம் இறங்கி இதயத்துடிப்பு தடுமாறுவதால். அதனால்தான் எச்எஃப் புழங்கும் இடத்தில் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மருத்துவ அறையின் பூட்டிய அலமாரியில் அல்ல. 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகரில் டேங்கர் லாரியிலிருந்து இறக்கும்போது சுமார் 8 டன் கசிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், சுற்றுவட்டார வயல்கள் கருகின. இறக்குமிடம்தான் பலவீனமான கண்ணி. எனவே எச்எஃப் தயாரிக்கும் இடத்திலேயே குழாய் வழியே அடுத்த ரியாக்டருக்கு அனுப்பிவிடுவதும், இடையில் சேமிக்கும் அளவைக் குறைப்பதும் முதல் பாதுகாப்பு. கடலூர் சிப்காட்டில் டான்ஃபாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக எச்எஃப் தயாரிப்பதால், இது நமக்கு வேற்றூர் விஷயம் இல்லை.

கனிமத்தின் தரமும் பாதுகாப்போடு சேர்ந்ததுதான். அமிலத் தரம் என்றால் குறைந்தது 97 சதவீதக் கால்சியம் ஃபுளோரைடு. உள்ளே இருக்கும் சிலிக்கா ஒவ்வொரு கிலோவும் 1.3 கிலோ எச்எஃப்-ஐத் தின்று சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு வாயுவாக மாறும். அது வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பரில் தண்ணீரைத் தொட்டதும் கூழ் சிலிக்காவாக உறைந்து குழாயை அடைக்கும். அடைப்பெடுக்கப் போகிறவர்தான் ஆபத்தில் நிற்பவர்.

எச்எஃப்-ஐயே தவிர்க்க முடியாதா என்பதற்கு, 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டின் வெரோனிக் குவெர்னர் குழு ஒரு வழி காட்டியது. ஃபுளோர்ஸ்பாரைப் பொட்டாசியம் பாஸ்ஃபேட் உப்போடு பந்து ஆலையில் போட்டு அரைத்தால், எச்எஃப் உருவாகாமலேயே வினைக்கு ஏற்ற ஃபுளோரைடு பொடி கிடைக்கிறது. அழகான வேலைதான், ஆனால் அதன் இப்போதைய பயன் மருந்து மூலக்கூறு போன்ற விலையுயர்ந்த சரக்குகளுக்கு. டன் கணக்கில் ஆர்-22 செய்ய இன்னும் எச்எஃப்-தான்.

ஆர்-22 ரியாக்டரில் ஆன்டிமனி குளோரைடு ஊக்கி. சூடு கொஞ்சம் கூடினாலோ எச்எஃப் அதிகமானாலோ ஃபுளோரின் ஒரு படி அதிகம் ஏறி எச்எஃப்சி-23 ஆகிவிடும். பொதுவாக 1.5 முதல் 4 சதவீதம் வரை இப்படி வழுக்கிப் போகும். மூக்குக்குத் தெரியாத, விஷமும் இல்லாத வாயு, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப் போல 14,800 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். 2 சதவீதம் என்று வைத்தாலே, நம் 1 டன் பி.டி.எஃப்.இ-க்கு 35 கிலோ. அதை அப்படியே காற்றில் விட்டால் 500 டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு விட்டதற்குச் சமம். சூட்டை அடக்கி, பத்தி எனப்படும் உயரமான தூண் கலத்தின் மேல்பகுதியில் பிரித்து, மிச்சத்தை 1200 டிகிரியில் எரித்து, வரும் எச்எஃப்-ஐக் கழுவிச் சுண்ணாம்பில் பிடிக்க வேண்டும். எரிப்பானின் செங்கல் பூச்சை எச்எஃப் அரிக்கும் என்பதால் அதைப் பழுது பார்க்கும் நாட்களில் என்ன செய்வது என்ற கேள்வி வரும். நிறுத்தத்துக்கேற்ற சேமிப்புத் தொட்டி இல்லாத ஆலை, அந்த நாட்களில் வானத்தைத்தான் தொட்டியாக்கும். இத்தகைய குளிர்பதன வாயுக்களைக் குறைப்பதற்கான 2016 கிகாலி பேச்சுவார்த்தையின்போது இந்தியா, தன் ஆலைகள் இந்த வாயுவை எரித்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது.

உடைக்கும் உலை 600 முதல் 900 டிகிரி. அதிக நேரம் சூட்டில் நின்றால் பக்க விளைபொருள்கள் பெருகும். அவற்றில் ஒன்று பெர்ஃபுளோரோஐசோபியூட்டிலீன். முதல் உலகப் போரின் விஷவாயுவான பாஸ்ஜீனைவிடப் பன்மடங்கு நச்சு. வேலையிட உச்சவரம்பே 0.01 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.01 பங்கு; ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உலைக்குள் அதிசூட்டு நீராவியைக் கலந்து வாயுவை நொடியின் சிறு பங்கிலேயே கடத்தி உடனே குளிர்விப்பதால் இது வெகுவாகக் குறைகிறது. எஞ்சியதை மெத்தனாலில் உறிஞ்சிப் பிடித்துப் பிறகு எரிக்கிறார்கள்.

அடுத்து டி.எஃப்.இ. 1938 ஏப்ரல் 6 அன்று நியூஜெர்சியில் டூபாண்ட் ஆய்வகத்தின் ராய் பிளங்கெட் திறந்த சிலிண்டரில் வாயு வரவில்லை, எடை மட்டும் குறையாமல் இருந்தது. அறுத்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி. அதைப் பெரும் கண்டுபிடிப்பாகச் சொல்கிறோம். அதே சிலிண்டர் வெடித்திருக்கவும் வாய்ப்பு இருந்தது என்பதைச் சொல்வதில்லை. டி.எஃப்.இ இரண்டு வழியில் சூடு கக்கும். பாலிமராகும்போது மோலுக்குச் சுமார் 170 கிலோஜூல். அந்தச் சூடு வெளியேறாவிட்டால் வாயு கரியாகவும் கார்பன் டெட்ராஃபுளோரைடாகவும் சிதையும். அப்போது மோலுக்கு 250 கிலோஜூலுக்கு மேல். ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் டி.என்.டி-யின் பாதிக்கு மேல். இதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை, எனவே காற்றை விலக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதே நேரம் காற்றையும் விலக்கியே ஆக வேண்டும். ஆக்சிஜன் கலந்தால் நிலையில்லாத பெராக்சைடு உருவாகி, அதுவே திரியாகும்.

நடைமுறையில் விபத்து தொடங்கும் இடங்கள் சில்லறையானவை. முனை அடைத்த குழாய்க்குள் வால்வைச் சட்டென்று திறந்தால், பாய்ந்த வாயு முனையில் அமுங்கிச் சூடேறிச் சிதையத் தொடங்கும். அதனால் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும், முட்டுக் குழாய்களே இல்லாதபடி அமைக்க வேண்டும். மூலைகளில் படியும் பாலிமர் வளர்ந்து அழுத்தம் விடுக்கும் வால்வை அடைக்கும். வால்வு இருக்கிறது, ஆனால் இல்லை. சேமிக்கும்போது லிமோனீன் போன்ற டெர்பீன்களை, அதாவது எலுமிச்சைத் தோலின் வாசனைப் பொருளைச் சிறிதளவு கலந்து வைப்பார்கள். கோத்தலைத் தொடங்கிவைக்கும் துடிப்பான மூலக்கூறு துண்டுகளை (ரேடிக்கல்களை) அது பிடித்து, வாயு தானாகக் கோத்துக்கொள்வதைத் தடுக்கும். ரியாக்டருக்குள் போகும் முன் சிலிக்கா ஜெல் பத்தியில் அதை நீக்க வேண்டும். அந்தப் பத்தி களைத்துவிட்டால் வினை தொடங்காது. தொடங்கவில்லையே என்று ஊக்கியைக் கூட்டிப் போடுவதுதான் பெரிய தவறு.

1990-களில் வந்த தீர்வு எளிமையானது: டி.எஃப்.இ-யைப் பாதிக்குப் பாதி கார்பன் டைஆக்சைடோடு கலந்து வைப்பது. இரண்டின் ஆவியழுத்தமும் பக்கம் பக்கமாக இருப்பதால் சிலிண்டரின் மேல்பகுதியில் டி.எஃப்.இ மட்டும் செறிந்து நிற்பதில்லை. சிதைவின் சூட்டைக் கார்பன் டைஆக்சைடு வாங்கிக்கொள்ளும். அதே கார்பன் டைஆக்சைடை 31 டிகிரிக்கும் 74 பாருக்கும் மேலே கொண்டுபோய், தண்ணீருக்குப் பதில் அதற்குள்ளேயே ஃபுளோரின் பாலிமர்களைச் செய்யலாம் என்று 1992-ல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் டிசிமோன் குழு காட்டியது. டூபாண்ட் அதை ஆலையளவுக்குக் கொண்டுபோனது. தண்ணீர் இல்லை, கழிவுநீர் இல்லை, எஃப்.இ.பி போன்ற பாலிமர்களின் முனையில் பின்னால் எச்எஃப் கக்கும் கார்பாக்சில் குழுக்களும் இல்லை. ஆனாலும் உயரழுத்த எஃகுக்கு ஆகும் செலவால் நீர்வழி முறையை அது விரட்டவில்லை.

இனி சோப்பு. பி.டி.எஃப்.இ-யைத் தண்ணீரில் இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, வேகமாகக் கலக்கி நார்போன்ற பெருந்துகள்களாக எடுப்பது. அச்சில் அழுத்திக் கட்டையாக்க இது போதும், சோப்பு ஏறக்குறைய வேண்டாம். இன்னொன்று, சுமார் 0.2 மைக்ரான் நுண்துகள்களின் பாலாக எடுப்பது. பூச்சு, துணி, குழாய் இணைப்பில் சுற்றும் நூல்நாடா எல்லாவற்றுக்கும் இந்தப் பால்தான் வேண்டும். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரியாமல் தண்ணீரில் மிதக்க, இதற்கு சோப்பு தவிர்க்க முடியாததாக இருந்தது.

ஒரு சுற்று இப்படிப் போகும். அயனி நீக்கிய தண்ணீர், சோப்பு, உருகிய பாரஃபின் மெழுகு ஆகியவற்றை ரியாக்டரில் இட்டு, காற்றை வெற்றிடமாக்கி நைட்ரஜனால் பலமுறை அலசுவார்கள். 70 முதல் 90 டிகிரிக்குச் சூடாக்கி, டி.எஃப்.இ-யை 15 முதல் 30 பார் வரை ஏற்றி, அம்மோனியம் பெர்சல்ஃபேட் அல்லது சக்சினிக் அமிலப் பெராக்சைடு ஊக்கியை விடுவார்கள். அழுத்தம் லேசாக இறங்கினால் வினை பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அழுத்தம் மாறாதபடி வாயுவை ஊட்டிக்கொண்டே போக வேண்டும். கலக்கும் வேகம் மிதமாக இருக்க வேண்டும். கூடினால் பால் திரிந்துவிடும். திரிந்த கட்டிகளை மெழுகு வாங்கிக்கொள்ளும். 30 சதவீதத் திடப்பொருள் சேர்ந்ததும் நிறுத்தி, வாயுவை வெளியேற்றி, ஆறவைத்து மெழுகை எடுத்துவிடுவார்கள்.

அந்த சோப்பு ஏன் ஃபுளோரின் சோப்பாக இருக்க வேண்டும்? வளரும் பி.டி.எஃப்.இ சங்கிலியின் முனை ஹைட்ரஜனுக்கு ஏங்கும் முனை. சாதாரண சோப்பின் கார்பன் சங்கிலியில் ஹைட்ரஜன் கொட்டிக் கிடக்கிறது. ஒன்றைப் பிடுங்கியதும் முனை செத்துவிடும், சங்கிலி குட்டையாகும், வினை மந்தமாகும். ஹைட்ரஜனே இல்லாத சோப்பு வேண்டும். எட்டுக் கார்பன் கொண்ட ஃபுளோரின் அமிலமான பிஎஃப்ஓஏ-வின் அம்மோனியம் உப்பு அதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே டூபாண்ட் ஆலை 1951-ல் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆலை எதற்காக விரும்பியதோ அந்தக் குணமே, எதனாலும் தாக்க முடியாத தன்மையே, வெளியே போனதும் குற்றமானது. மனித ரத்தத்தில் பாதியாகக் குறையவே அதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். சுமார் 69,000 பேரை ஆராய்ந்த அறிவியல் குழு 2012 வாக்கில் சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு நோய், பெருங்குடல் அழற்சி, கர்ப்பகால ரத்த அழுத்தம், அதிகக் கொலஸ்ட்ரால் ஆகிய ஆறுடன் அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்றது. 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் பிஎஃப்ஓஏ-வைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2024-ல் அமெரிக்கா குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம்.

இந்த வரம்பின் பொருள் கணக்கில்தான் விளங்கும். 30 சதவீதப் பால் என்றால் 1 டன் பி.டி.எஃப்.இ-க்குச் சுமார் 2.3 டன் தண்ணீர். அதில் 0.2 சதவீதம் சோப்பு, ஏறக்குறைய 4.7 கிலோ. இந்த 4.7 கிலோவை முழுதாகத் தண்ணீரில் விட்டு, லிட்டருக்கு 4 நானோகிராமாக நீர்க்க வேண்டுமானால் 41 டி.எம்.சி தண்ணீர் தேவை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டன் சரக்கின் சோப்புக்கு மேட்டூரில் ஏறக்குறைய பாதி. 99 சதவீதத்தைப் பிடித்துவிட்டோம் என்று ஓர் ஆலை பெருமையாகச் சொன்னால், மிச்ச 47 கிராமுக்கே 0.4 டி.எம்.சி வேண்டும் என்பதை நினைவில் வைக்கலாம்.

முதலில் செய்தது பிடித்துத் திருப்பிப் பயன்படுத்துவது. பாலில் மின்சுமை இல்லாத (அயனியற்ற) சோப்பைச் சில சதவீதம் சேர்த்துத் துகள்கள் திரியாமல் காத்துக்கொண்டு, எதிர்மின்சுமை கொண்ட அயனிகளைப் பிடிக்கும் எதிரயனி மாற்று ரெசின் வழியே விட்டால் பிஎஃப்ஓஏ ரெசினில் ஒட்டிக்கொள்ளும். அமிலமும் மெத்தனாலும் கலந்து கழுவினால் திரும்பக் கிடைக்கும். அயனியற்ற சோப்பைச் சேர்க்க மறந்தால் பால் ரெசின் பத்திக்குள்ளேயே திரிந்து கல்லாகும். பிஎஃப்ஓஏ போனபின் பாலின் பிசுபிசுப்பு மாறிவிடும், பூச்சு போடுகிறவர் திட்டுவார். அதற்கென ஃபுளோரின் இல்லாத எதிரயனி சோப்பைச் சிறிது சேர்த்துச் சரிசெய்வார்கள். உலர்த்தும் அடுப்பு தனிக் கதை. அந்தச் சூட்டில் இந்த உப்பு பதங்கமாகிப் புகைபோக்கி வழியே போகும், எனவே அங்கும் ஸ்க்ரப்பர் வேண்டும்.

பிறகு மாற்றுச் சோப்பு. ஆறு கார்பனும் நடுவே ஒரு ஆக்சிஜனும் கொண்ட ஈதர் அமிலம் ஜென்எக்ஸ் என்ற பெயரில் வந்தது. உடலிலிருந்து பிஎஃப்ஓஏ-வைவிட விரைவாக வெளியேறும், அது உண்மைதான். ஆனால் சூழலில் இதுவும் அழியாது; சிறிய மூலக்கூறு என்பதால் தண்ணீரோடு இன்னும் எளிதாக ஓடும், கார்பன் வடிகட்டியிலும் சீக்கிரம் நழுவும். வட கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்றங்கரையின் வில்மிங்டன் மக்கள், தாங்கள் குடிக்கும் தண்ணீரில் அது இருப்பதை 2017-ல் தெரிந்துகொண்டார்கள். ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கெமூர்ஸ் ஆலை 2019 இறுதியில் 99.99 சதவீதம் அழிக்கும் வெப்ப எரிப்பானைக் கட்டியது. ஒரு ஃபுளோரின் சோப்புக்குப் பதில் இன்னொன்று என்பது மாற்றம் அல்ல, தவணை நீட்டிப்பு என்பதே என் கருத்து.

உண்மையான மாற்றம் சாதாரண ஹைட்ரோகார்பன் சோப்பைப் பழக்குவது. டெஃப்லானின் உறவுப் பாலிமரான பி.வி.டி.எஃப் இதில் முந்திக்கொண்டது. அதன் மோனோமரிலேயே ஹைட்ரஜன் இருப்பதால் சோப்பிலுள்ள ஹைட்ரஜன் அவ்வளவு தொந்தரவு செய்யாது. பி.டி.எஃப்.இ-க்கு மூன்று தந்திரங்கள் தேவைப்பட்டன. ஒன்று, சோப்பை முன்கூட்டியே பெராக்சைடு அல்லது பெர்சல்ஃபேட்டோடு சூடாக்கி, எளிதில் பிடுங்கப்படும் ஹைட்ரஜன்களை முன்பே கழித்துவிடுவது. இரண்டு, தொடக்கத்தில் மிகக் குறைந்த சோப்பில் துகள் கருக்களை உருவாக்கி, அவை வளர வளர சோப்பைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவது. முழுவதையும் முதலிலேயே கொட்டினால் வினை எழும்பாது. மூன்று, எலக்ட்ரான் கைமாறுவதால் வினையைத் தொடங்கிவைத்து, குறைந்த சூட்டில் ஓடும் ரெடாக்ஸ் ஊக்கிகள். ஊட்டும் வேகம்தான் சூட்சுமம்: பிந்தினால் பால் திரியும், முந்தினால் சங்கிலி குட்டையாகும். குட்டைச் சங்கிலிப் பொடியை நாடாவாக இழுத்தால் அறுந்துபோகும்.

ஃபுளோரின் சோப்பு இல்லை என்ற முத்திரையைப் பார்த்ததும் நிம்மதி அடைய வேண்டாம் என்பது இங்கேதான் வருகிறது. ஹைட்ரஜனைப் பறிகொடுத்த சோப்பு மூலக்கூறு சும்மா இருக்காது, அதன்மீதே டி.எஃப்.இ கோத்துக்கொள்ளத் தொடங்கும். சில அலகுகளில் நின்றுவிட்டால், ஒரு முனையில் சோப்பின் தலையும் மறுமுனையில் ஃபுளோரின் வாலும் கொண்ட புதுப் பொருள். பெர்சல்ஃபேட் தொடங்கிய குட்டைச் சங்கிலிகளும் நீராற்பகுப்பில் கார்பாக்சிலிக் அமிலமாகும். நாம் போடாத ஃபுளோரின் சோப்பை ரியாக்டரே சமைத்துக்கொள்கிறது. பெயர் தெரிந்த இருபது முப்பது சேர்மங்களை மட்டும் தேடும் ஆய்வக அறிக்கையில் இவை அகப்படாது. மாதிரியை எரித்து மொத்தக் கரிம ஃபுளோரினை அளந்தால்தான் தெரியும். கழுவுநீருக்குக் கார்பனும் ரெசினும் அப்போதும் வேண்டும்.

சோப்பே போடாமல் பிஎஃப்ஓஏ பிறப்பதற்கு இன்னொரு உதாரணம் பி.டி.எஃப்.இ நுண்பொடி. பிரிண்டிங் மை, மசகு ஆகியவற்றில் கலப்பதற்காகப் பி.டி.எஃப்.இ துண்டுகளை எலக்ட்ரான் கற்றை அல்லது காமா கதிரால் உடைத்துப் பொடியாக்குகிறார்கள். காற்றில் செய்தால் உடைந்த முனைகளில் ஆக்சிஜன் ஏறி, ஆறு முதல் பதினான்கு கார்பன் வரையான அமிலங்கள் உருவாகும், பிஎஃப்ஓஏ உட்பட. ஐரோப்பிய வரம்பு 2020 ஜூலையிலிருந்து 25 பிபிபி, அதாவது ஒரு டன்னில் 25 மில்லிகிராம். இந்த நுண்பொடிக்கு மட்டும் சில காலம் 1 பிபிஎம் வரை சலுகை தர வேண்டியிருந்தது, நாற்பது மடங்கு. ஆக்சிஜன் இல்லாத கலத்தில் கதிர்வீசுவதும், பிறகு சூடான அடுப்பில் வைத்து ஆவியாகும் அமிலங்களை விரட்டிப் பிடிப்பதும் இதற்கு வழி. பையைத் திறந்து வைத்துக் கதிர் காட்டினால் அவ்வளவும் வீண்.

நுண்பொடியோ பாலோ வாங்குகிறவர்கள் பொதுவாகக் கேட்பது, பிஎஃப்ஓஏ இல்லை என்ற சான்றிதழ். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் சில உண்டு. மொத்தக் கரிம ஃபுளோரின் எவ்வளவு, எந்தப் படியில் எடுத்த மாதிரி, கதிர் காட்டியது காற்றிலா நைட்ரஜனிலா, அடுப்புக்கு முன்பா பின்பா, களைத்த ரெசினும் கார்பனும் எந்த எரிப்பானுக்குப் போகின்றன. கடைசிக் கேள்விக்கு விற்பனைப் பிரதிநிதி பதில் சொல்லமாட்டார். ஆலையின் கழிவு மேலாளரைத்தான் தொலைபேசியில் பிடிக்க வேண்டும்.